அமெரிக்காவில் முதல் டாக்ஸ் ஃபைலிங்: ஊரில் விட்டுவந்த கணக்கையும் சேர்த்து

நான் அமெரிக்கா வந்த முதல் வருடம் எனக்கு வரிக் கணக்கு போட்டுக் கொடுத்தவர் கேட்டது மூன்றே கேள்விதான். டபிள்யூ-2 (நிறுவனம் தரும் ஆண்டுச் சம்பளச் சான்று) வந்துவிட்டதா, கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை உண்டா. ஊரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய விஷயம் அது என்றே எனக்குத் தெரியாது. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்கள் ஊர் வங்கியில் வைக்கும் என்ஆர்இ டெபாசிட் வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது என்பதால் எங்கேயுமே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடம் கழித்து ஒரு நண்பர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பேச்சுவாக்கில் விஷயம் தெரிந்தது. பழைய கணக்குகளை எல்லாம் திருத்தி, பாக்கி வரியை வட்டியோடு கட்டி, அனுப்பாமல் விட்ட அறிக்கைகளை அனுப்பி முடிக்க ஆறு மாதம் ஆனது, அதில் பாதி நாள் சரியாகத் தூக்கமும் இல்லை.

புதிதாக வருகிறவர்கள் அந்த ஆறு மாதத்தை அனுபவிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் கணக்காளர் இல்லை, பல வருடம் சொந்தமாக ஃபைல் செய்து, தெரிந்தவர்களுக்கும் உட்கார்ந்து உதவி செய்து கற்றுக்கொண்டவன். கீழே வரும் தொகைகள் எல்லாம் 2025-ஆம் ஆண்டு வருமானத்துக்கு, அதாவது 2026 ஏப்ரல் 15-க்குள் ஃபைல் செய்ய வேண்டிய கணக்குக்கு. ஒவ்வொரு வருடமும் இவை மாறும், முறை பெரும்பாலும் அதேதான்.

முதல் படி: நீங்கள் ரெசிடென்டா, இல்லையா

எல்லாரும் சாஃப்ட்வேரைத் திறந்து டபிள்யூ-2 எண்களைத் தட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது, அதில் தப்பினால் மற்ற எல்லாமே தப்பு. வரி விஷயத்தில் உங்களை அமெரிக்கா ரெசிடென்ட் என்று பார்க்கிறதா, நான்-ரெசிடென்ட் என்று பார்க்கிறதா? இதற்கும் விசாவில் சொல்லும் 'இமிகிரன்ட்', 'நான்-இமிகிரன்ட்' பிரிவுக்கும் சம்பந்தம் இல்லை. எச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கிறவர் குடியேற்றச் சட்டத்தில் நான்-இமிகிரன்ட், ஆனால் வரிச் சட்டத்தில் பெரும்பாலும் ரெசிடென்ட்.

க்ரீன் கார்டு இருந்தால் ரெசிடென்ட், முடிந்தது. இல்லாதவர்களுக்கு நாள் கணக்கு: இந்த வருடம் இங்கே இருந்த நாட்கள் முழுசாக, போன வருட நாட்களில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தைய வருட நாட்களில் ஆறில் ஒரு பங்கு, மூன்றையும் கூட்டி 183 வந்தால், இந்த வருடம் குறைந்தது 31 நாள் இருந்தும் இருந்தால், நீங்கள் ரெசிடென்ட். ஆக, முதல்முறையாக வருகிறவர் ஜூலை 2-ஆம் தேதிக்குள் வந்து அப்படியே வருடக் கடைசிவரை இங்கேயே இருந்தால் அந்த வருடமே 183 நாள் கிடைத்துவிடும்.

ரெசிடென்டுக்கு 1040 படிவம், நான்-ரெசிடென்டுக்கு 1040-என்ஆர். ரெசிடென்ட் என்றால் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் காட்ட வேண்டும், நான்-ரெசிடென்ட் என்றால் அமெரிக்க வருமானம் மட்டும் போதும். அதற்கு விலையாக நான்-ரெசிடென்டுக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் என்கிற நிலையான கழிவு பொதுவாகக் கிடையாது, கணவன் மனைவி சேர்ந்து ஃபைல் செய்யவும் முடியாது.

எஃப்-1 மாணவர்களுக்கு வேறு கணக்கு. முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்கு உங்கள் நாட்கள் எண்ணப்படுவதே இல்லை, அதனால் நான்-ரெசிடென்ட். 2021 டிசம்பர் கடைசி வாரத்தில் விமானம் இறங்கியவருக்கும் 2021 ஒரு முழு ஆண்டாகவே போய்விடும், 2026 முதல் நாட்கள் ஓட ஆரம்பிக்கும். வருமானமே இல்லாவிட்டாலும் 8843 என்கிற படிவத்தை அனுப்ப வேண்டும். இந்திய மாணவர்களுக்கு மட்டும் ஒரு நல்ல விஷயம்: இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆவது பிரிவுப்படி, நான்-ரெசிடென்டாக இருந்துகொண்டே நிலையான கழிவை எடுத்துக்கொள்ளலாம். அப்புறம், ஓபிடி-யில், அதாவது படிப்பை ஒட்டிக் கிடைக்கும் தற்காலிக அனுமதியில், வேலை பார்க்கும்போது நான்-ரெசிடென்டாக இருந்தால் சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும், அதாவது 6.2 சதவீதமும் 1.45 சதவீதமும், சம்பளத்தில் பிடிக்கவே கூடாது. பல சிறிய நிறுவனங்கள் தெரியாமல் பிடித்துவிடும். பே ஸ்டப்பைப் பாருங்கள், பிடித்திருந்தால் முதலில் நிறுவனத்திடமே திருப்பிக் கேளுங்கள், அவர்கள் தராவிட்டால் 843 படிவம் போட்டு ஐஆர்எஸ் என்ற அமெரிக்க வரித் துறையிடம் கேட்கலாம். ஆயிரக்கணக்கான டாலர் இப்படி வீணாகப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

வருடத்தின் நடுவில் எச்-1பி-யில் வந்த குடும்பத்துக்கு ஒரு வழி இருக்கிறது, பலருக்கு இது தெரியாது. 2025 ஆகஸ்ட் 1 அன்று வந்தவருக்கு அந்த வருடம் 153 நாள்தான், சாதாரணமாகப் பார்த்தால் நான்-ரெசிடென்ட். ஆனால் அடுத்த வருடம் நாள் கணக்கைப் பூர்த்தி செய்துவிட்டால், 'ஃபர்ஸ்ட் இயர் சாய்ஸ்' என்ற தேர்வின் வழியாக 2025-லேயே ரெசிடென்ட் ஆகி, மனைவியோடு சேர்ந்து முழு ஆண்டு ரெசிடென்டாக ஃபைல் செய்யலாம். 153-இல் மூன்றில் ஒரு பங்கு 51, மீதி 132 நாள் 2026-இல் வேண்டும், அதாவது மே 12 வரை காத்திருக்க வேண்டும். ஏப்ரல் 15-க்குள் 4868 படிவம் போட்டு அவகாசம் வாங்கிக்கொள்ளுங்கள். இதில் ஜனவரி முதல் ஜூலை வரை இந்தியாவில் வாங்கிய சம்பளத்தையும் காட்ட வேண்டும், அங்கே கட்டிய வரியை 1116 படிவத்தில் கழித்துக்கொள்ளலாம். இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுப் பார்த்து, குறைவாக வருவதை எடுங்கள்.

இரண்டாவது படி: வீட்டில் எல்லாருக்கும் ஓர் எண்

உங்களுக்கு எஸ்எஸ்என் என்ற சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்கும். எச்-4 என்ற குடும்ப விசாவில் வந்த மனைவிக்கோ கணவருக்கோ, ஊரில் பிறந்த குழந்தைக்கோ இருக்காது, அவர்களுக்கு ஐடிஐஎன் என்ற வரி அடையாள எண் வாங்க வேண்டும். டபிள்யூ-7 படிவத்தை உங்கள் வரிக் கணக்கோடு சேர்த்து, முதல்முறை காகிதத்திலேயே அனுப்ப வேண்டியிருக்கும். அசல் பாஸ்போர்ட்டைத் தபாலில் போடச் சொன்னால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும், போடவும் வேண்டாம். சர்டிஃபைட் அக்செப்டன்ஸ் ஏஜென்ட் என்று ஐஆர்எஸ் அங்கீகரித்த ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் பாஸ்போர்ட்டை நேரில் பார்த்துச் சான்று கொடுத்து உங்கள் கையிலேயே திருப்பித் தந்துவிடுவார்கள். ஐஆர்எஸ்-இன் உள்ளூர் உதவி மையத்திலும் முன்பதிவு செய்து இதைச் செய்யலாம்.

மூன்றாவது படி: காகிதங்கள்

ஜனவரி கடைசிக்குள் நிறுவனம் டபிள்யூ-2 தர வேண்டும். வங்கி வட்டிக்கு 1099-ஐஎன்டி, ஷேர் விற்றதற்கு 1099-பி, வெளியே வேலை செய்து வாங்கிய பணத்துக்கு 1099-என்இசி. இவற்றின் ஒரு பிரதி ஐஆர்எஸ்-க்கும் போயிருக்கும், நீங்கள் விட்டுவிட்டால் கம்ப்யூட்டரே கண்டுபிடித்துக் கடிதம் அனுப்பும். பிப்ரவரி முதல் வாரத்திலேயே அவசரப்பட்டு ஃபைல் செய்யாதீர்கள், புரோக்கரேஜ் நிறுவனங்களின் 1099 பிப்ரவரி நடுவில்தான் வரும், சிலர் திருத்தப் பிரதியும் அனுப்புவார்கள்.

ஆர்எஸ்யூ, அதாவது நிறுவனம் சம்பளத்தோடு தரும் ஷேர், கிடைக்கும் ஐடி ஆட்களுக்கு இரண்டு விஷயம். வெஸ்ட் ஆகும் நாளிலேயே, அதாவது ஷேர் உங்களுக்குச் சொந்தமாகும் நாளிலேயே, அது சம்பளம், டபிள்யூ-2-இல் சேர்ந்துவிடும். அதற்கு நிறுவனம் பெரும்பாலும் 22 சதவீதம்தான் பிடிக்கும், உங்கள் வரி அடுக்கு 24 அல்லது 32 என்றால் ஏப்ரலில் பெரிய தொகை பாக்கி நிற்கும். இரண்டாவது, அந்த ஷேரை விற்றபின் வரும் 1099-பி-யில் வாங்கிய விலை பூஜ்யம் என்றோ குறைவாகவோ இருக்கும். அப்படியே தட்டிவிட்டால் ஒரே பணத்துக்கு இரண்டு தடவை வரி கட்டுவீர்கள். புரோக்கரேஜ் தளத்தில் துணை விவரம் என்று தனித் தாள் ஒன்று இருக்கும், அதில் உள்ள சரியான விலையைப் போட்டுத் திருத்துங்கள்.

நான்காவது படி: சேர்ந்தா, தனித்தனியா

நேராக ஓர் உதாரணம். கணவருக்கு ஆண்டுச் சம்பளம் 1,10,000 டாலர், மனைவி எச்-4, வேலை இல்லை. சேர்ந்து ஃபைல் செய்தால் நிலையான கழிவு 31,500, மீதி 78,500. அதில் முதல் 23,850-க்கு 10 சதவீதம், அதற்கு மேல் உள்ள 54,650-க்கு 12 சதவீதம், மொத்தம் 8,943 டாலர். அதே ஆள், மனைவிக்கு ஐடிஐஎன் எடுப்பது தொல்லை என்று தனியாக ஃபைல் செய்தால் கழிவு 15,750-தான், ஒரு பகுதி 22 சதவீத அடுக்குக்குள் போய்விடும், வரி 15,649. ஒரு படிவம் போடாததற்கு 6,706 டாலர்! இன்னொன்று, மனைவி ஊரிலேயே இருந்தாலும் நீங்கள் கல்யாணம் ஆனவர்தான். 'சிங்கிள்' என்று போடக்கூடாது, அது பொய்க் கணக்கு. ஊரில் இருக்கும் மனைவியையும் ரெசிடென்டாகக் கருதும்படி இருவரும் கையெழுத்திட்டுக் கேட்டுச் சேர்ந்து ஃபைல் செய்யலாம், அப்போது அவருடைய ஊர்ச் சம்பளமும் கணக்கில் வரும்.

குழந்தை விஷயம் கொஞ்சம் மனசுக்கு வருத்தமானது. இங்கே பிறந்து எஸ்எஸ்என் உள்ள 17 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 2025-இல் 2,200 டாலர் வரியிலிருந்தே நேராகக் கழியும், பெற்றோரில் ஒருவருக்காவது வேலைக்குச் செல்லத்தக்க எஸ்எஸ்என் இருக்க வேண்டும். ஊரில் பிறந்து ஐடிஐஎன் மட்டும் உள்ள குழந்தைக்கு, இங்கேயே உங்களோடு வளர்ந்தாலும், 500 டாலர்தான். ஒரே வீட்டில் அக்காவுக்கு 500, தம்பிக்கு 2,200 என்று வரும், சட்டம் இப்போது அப்படித்தான் இருக்கிறது. க்ரீன் கார்டு வந்து அக்காவுக்கும் எஸ்எஸ்என் கிடைத்த ஆண்டிலிருந்து மாற்றிக்கொள்ள மறக்காதீர்கள்.

விசிட்டர் விசாவில் ஆறு மாதம் வந்து பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்ட அம்மா அப்பாவை டிபென்டன்ட் ஆகப் போட்டுத் தருகிறேன் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அது செல்லாது. ஊருக்கு மாதாமாதம் அனுப்பும் பணத்துக்கும் கழிவு இல்லை. ஊர்க் கோவில் கும்பாபிஷேகத்துக்குக் கொடுத்த நன்கொடையும் அப்படியே, இங்கே பதிவான 501(சி)(3) என்ற அறக்கட்டளை வகை அமைப்புக்குக் கொடுத்தால் மட்டுமே பேச்சு. அதுவும் 2025 கணக்கில் செலவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிடுகிறவர்களுக்குத்தான். 2026 முதல் நிலையான கழிவு எடுப்பவர்களும் ரொக்க நன்கொடையில் ஒருவருக்கு 1,000, தம்பதிக்கு 2,000 டாலர் வரை கழிக்கலாம்.

பணம் அனுப்புவதைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: 2026 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பினால் 1 சதவீத வரி. ஆனால் அது கையில் ரொக்கம், மணி ஆர்டர், கேஷியர்ஸ் செக் போன்றவற்றைக் கொடுத்து அனுப்பினால்தான். அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்தோ அமெரிக்க டெபிட் கார்டிலோ அனுப்பினால் கிடையாது. தேவையில்லாமல் பயந்துபோய் இரண்டு வருடத்துக்கான பணத்தை முன்கூட்டியே அனுப்பிவைத்தவர்களை எனக்குத் தெரியும்.

ஐந்தாவது படி: ஊர்க் கணக்கு

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். ரெசிடென்ட் ஆன நாளிலிருந்து என்ஆர்இ வட்டி, ஊர் வருமானத்தைப் போட்டுவைக்கும் என்ஆர்ஓ கணக்கின் வட்டி, ஃபிக்ஸட் டெபாசிட், ஊர் வீட்டு வாடகை, ஷேர் விற்ற லாபம், டிவிடெண்ட் எல்லாமே 1040-இல் வர வேண்டும். என்ஆர்ஓ வட்டிக்கு அங்கே 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் பிடித்திருப்பார்கள், அதை இங்கே ஃபாரின் டாக்ஸ் கிரெடிட்டாக எடுக்கலாம். ஆனால் ஒப்பந்தப்படி வட்டிக்கு 15 சதவீதம்தான் என்பதால், அதற்கு மேல் பிடித்ததை இந்தியாவிலேயே ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்க வேண்டும், முழுவதையும் இங்கே கழிக்கப் பார்க்கக் கூடாது. என்ஆர்இ-க்கு அங்கே வரி இல்லாததால் இங்கே கழிக்கவும் ஒன்றும் இல்லை, முழு வரி.

நடைமுறைத் தொல்லை ஒன்று உண்டு. இந்திய நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை, அமெரிக்க வரி ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. வங்கி தரும் வட்டிச் சான்று இங்கே அப்படியே பொருந்தாது. காலண்டர் ஆண்டுக்கான வட்டி விவரத்தைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டேட்மென்ட்டை வைத்து நாமே வரி வரியாகக் கூட்ட வேண்டும்.

அடுத்தது எஃப்பார், அதாவது வெளிநாட்டு நிதிக் கணக்குகளைப் பற்றிய அறிக்கை. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள உங்கள் நிதிக் கணக்குகள் எல்லாவற்றின் அந்த வருட உச்ச இருப்பையும் கூட்டிய தொகை 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் ஃபின்சென் 114 என்ற அறிக்கையை அனுப்ப வேண்டும். இது வரிப் படிவத்தோடு போவதில்லை, நிதிக் குற்றங்களைக் கண்காணிக்கும் ஃபின்சென் அமைப்பின் இணையதளத்தில் தனியாக, இலவசமாக நீங்களே செய்யலாம். கெடு ஏப்ரல் 15, தவறினால் கேட்காமலே அக்டோபர் 15 வரை அவகாசம் உண்டு. கட்டணமும் வரியும் இல்லாத வெறும் தகவல் அறிக்கை, ஆனால் அனுப்பாமல் விட்டால் அபராதம் மிகக் கடுமை. வேண்டுமென்றே செய்யாத தவறுக்கும் பத்தாயிரம் டாலருக்கு மேல் போகலாம். 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிட்னர் வழக்கில், வேண்டுமென்று செய்யாத தவறுக்கு அபராதத்தைக் கணக்குக்கு ஒன்று என்று போடக்கூடாது, அறிக்கைக்கு ஒன்றுதான் என்று தீர்ப்பு சொன்னது. அதற்கு முன் பத்து கணக்கு வைத்திருந்தவர் நிலையை நினைத்துப் பாருங்கள்.

என்னென்ன சேரும் என்பதில்தான் நம் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். சேமிப்புக் கணக்கும் எஃப்டி-யும் எல்லாருக்கும் நினைவு வரும். டீமேட் கணக்கு, மியூச்சுவல் ஃபண்ட், பிபிஎஃப், சரண்டர் மதிப்புள்ள எல்ஐசி பாலிசி, இவையும் சேரும். அப்பாவின் கணக்கில் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று 'எய்தர் ஆர் சர்வைவர்' முறையில் உங்கள் பெயரைச் சேர்த்திருந்தால், அது முழுக்க அவர் பென்ஷன் பணமே ஆனாலும், அந்தக் கணக்கின் முழு இருப்பும் உங்கள் எஃப்பாரில் வர வேண்டும். வீடு, நிலம், லாக்கரில் இருக்கும் நகை சேராது. இது போக, இங்கே வசிக்கும் தம்பதிக்கு வெளிநாட்டு நிதிச் சொத்து வருடக் கடைசியில் 1,00,000 டாலரையோ இடையில் என்றாவது 1,50,000 டாலரையோ தாண்டினால் 8938 படிவமும் 1040-உடன் சேர வேண்டும். தனியாக ஃபைல் செய்பவருக்கு 50,000, 75,000.

இந்திய மியூச்சுவல் ஃபண்டுகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில்தான் அதிகப் பணம் போகிறது. அமெரிக்கச் சட்டம் அவற்றை பிஎஃப்ஐசி (ஒரு வகை வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம்) என்று வகைப்படுத்துகிறது. விற்றால் வரும் லாபத்தை வைத்திருந்த ஆண்டுகளுக்கெல்லாம் பிரித்து, பழைய ஆண்டுகளின் பங்குக்கு அந்தந்த ஆண்டின் உச்ச விகிதத்தில் வரியும் அதன்மேல் வட்டியும் போடுவார்கள். ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனித்தனி 8621 படிவம். எஸ்ஐபி-யில் எட்டு ஃபண்ட் வைத்திருந்தால் எட்டு படிவம், கணக்காளர் கட்டணமே ஃபண்ட் லாபத்தைத் தின்றுவிடும். மொத்த மதிப்பு வருடக் கடைசியில் 25,000 டாலருக்குள், சேர்ந்து ஃபைல் செய்பவருக்கு 50,000-க்குள் இருந்து, விற்பனையும் வரவும் இல்லாவிட்டால் அந்தப் படிவம் பொதுவாகத் தேவையில்லை. இன்னும் விமானம் ஏறாதவர் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து ரெசிடென்ட் ஆவதற்கு முன்பே ஃபண்டுகளை விற்றுவிடுவதைப் பற்றி யோசியுங்கள். ஏற்கெனவே இங்கே இருப்பவர்கள் எஸ்ஐபி-யை நிறுத்திவிட்டு, பிஎஃப்ஐசி தெரிந்த சிபிஏ (உரிமம் பெற்ற கணக்காளர்) ஒருவரிடம் போங்கள், எல்லா சிபிஏ-வுக்கும் இது தெரிந்திருக்காது.

ஊரில் நிலம் விற்று அப்பா பணம் அனுப்பினால் அது உங்களுக்கு வருமானம் இல்லை, வரி இல்லை. ஆனால் ஒரு வருடத்தில் 1,00,000 டாலருக்கு மேல் வந்தால் 3520 படிவம் தனியாகத் தபாலில் போக வேண்டும். விட்டால் மாதம் 5 சதவீதம், 25 சதவீதம் வரை அபராதம். வீட்டு முன்பணத்துக்காக ஊரிலிருந்து பணம் கொண்டுவருகிறவர்கள் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே சில வருடம் விட்டுவிட்டீர்களா? பயந்துகொண்டு இனிமேல் மட்டும் சரியாகச் செய்கிறேன் என்று பழையதை மூடிவைக்காதீர்கள். வருமானம் எல்லாம் காட்டி, எஃப்பார் மட்டும் விட்டிருந்தால், ஐஆர்எஸ் கேட்பதற்கு முன் காரணம் எழுதி அனுப்பிவிட்டால் பொதுவாக அபராதம் இல்லை. வருமானத்தையே விட்டிருந்தால் 'ஸ்ட்ரீம்லைன்ட்' என்ற வழி இருக்கிறது: மூன்று வருட வரிக் கணக்கைத் திருத்தி, ஆறு வருட எஃப்பார் அனுப்ப வேண்டும், இங்கே வசிப்பவருக்கு விடுபட்ட சொத்து மதிப்பில் 5 சதவீதம் அபராதம். எந்த வழி உங்களுக்குப் பொருந்தும் என்பதை மட்டும் அனுபவமுள்ள ஒருவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஆறாவது படி: வீட்டிலிருந்து சின்னத் தொழில்

முதலில் விசா. எச்-1பி-யில் இருப்பவர் ஸ்பான்ஸர் செய்த நிறுவனத்தைத் தவிர வேறு எங்கும் உழைத்துச் சம்பாதிக்கக் கூடாது, வார இறுதி டெலிவரியும் அதில் சேரும். வரி கட்டிவிட்டால் விசாப் பிரச்சினை தீராது. எச்-4 ஈஏடி என்ற வேலை அனுமதியோ க்ரீன் கார்டோ உள்ளவர்களுக்குத் தடையில்லை.

வீட்டின் பேஸ்மென்ட்டில் பரதநாட்டிய வகுப்பு எடுக்கிற ஒருவரை வைத்துக்கொள்வோம். வருடத்தில் 26,000 டாலர் வருகிறது, பாதி ஸெல் என்ற வங்கிப் பணப் பரிமாற்றம் வழியாக, பாதி காசோலையாக. யாரும் 1099 தரவில்லை. தராவிட்டாலும் அது வருமானம்தான், 400 டாலர் நிகர லாபம் வந்தாலே காட்ட வேண்டும். கம்பெனி பதிய வேண்டும் என்று அவசியமில்லை, ஷெட்யூல் சி என்ற ஒரு தாள் போதும். எல்எல்சி என்ற சிறு நிறுவனம் வைத்தால் வரி குறையும் என்று நினைப்பது தப்பு, ஒரே ஆள் எல்எல்சி-யை ஃபெடரல் வரியில் இல்லாததாகவே பார்ப்பார்கள். எஸ் கார்ப் என்ற வரி வகைக்கு மாற்றினால் மிச்சம் என்று பல வீடியோக்கள் சொல்லும். அதற்குத் தனி ரிட்டர்ன், சம்பளப் பட்டியல், கணக்காளர் செலவு எல்லாம் உண்டு, லாபம் ஐம்பது அறுபதாயிரம் டாலரைத் தாண்டும் வரை அதைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. தொழிலுக்கான இஐஎன் அடையாள எண் ஐஆர்எஸ் தளத்தில் இலவசம், நூறு இருநூறு டாலர் கேட்கும் தளங்களுக்குக் கொடுக்காதீர்கள்.

செலவு 6,000 போக நிகரம் 20,000. இதற்கு வருமான வரி தவிர செல்ஃப் எம்ப்ளாய்மென்ட் வரி என்று 15.3 சதவீதம் உண்டு, ஏனென்றால் தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு இரண்டும் நீங்களே. லாபத்தில் 92.35 சதவீதத்தின் மேல்தான் அது, ஆக 2,826 டாலர். அதில் பாதியை வருமானத்திலிருந்து கழிக்கலாம். மேலும் தொழில் வருமானத்துக்கான க்யூபிஐ என்ற 20 சதவீதக் கழிவு இவருக்குச் சுமார் 3,700 டாலர் வரும், 2025-இல் வந்த சட்டம் அதை நிரந்தரமாக்கிவிட்டது.

செலவில் நேர்மையாக இருங்கள். காரில் சென்ற மைலுக்கு 2025-இல் 70 சென்ட், ஆனால் அன்றன்றைக்கு எழுதிய பதிவு வேண்டும், மார்ச் மாதம் உட்கார்ந்து குத்துமதிப்பாக எழுதியது நிற்காது. வீட்டு அறைக்குச் சதுர அடிக்கு 5 டாலர், 300 சதுர அடி வரை. அந்த இடம் தொழிலுக்கு மட்டுமே பயன்பட வேண்டும், பகலில் வகுப்பு, ராத்திரி விருந்தாளி படுக்கிற இடம் என்றால் கிடையாது. தனி வங்கிக் கணக்கு ஒன்று முதல் நாளே திறந்துவிடுங்கள், வருடக் கடைசியில் கணக்கு அதுவாகவே நிற்கும். யாருக்காவது, பக்க வாத்தியக்காரருக்கோ மேக்கப் கலைஞருக்கோ, 2025-இல் 600 டாலரோ அதற்கு மேலோ கொடுத்திருந்தால் நீங்கள் 1099-என்இசி தர வேண்டும். 2026-இல் கொடுக்கும் பணத்துக்கு அந்த எல்லை 2,000.

சம்பளக்காரருக்கு மாதாமாதம் பிடித்துவிடுகிறார்கள், தொழில் செய்பவர் தானாகக் கட்ட வேண்டும்: ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஜனவரி 15. விட்டால் வட்டிபோல ஓர் அபராதம். போன வருட மொத்த வரியில் 100 சதவீதம் கட்டியிருந்தால் (வருமானம் 1,50,000-க்கு மேல் என்றால் 110 சதவீதம்) அபராதம் வராது. இதை விடச் சுலபமான வழியைத்தான் நான் எல்லாருக்கும் சொல்வேன்: கணவரோ மனைவியோ சம்பளத்தில் இருந்தால், அவர் நிறுவனத்துக்குக் கொடுக்கும் டபிள்யூ-4 படிவத்தில் 4(சி) கட்டத்தில் கூடுதல் பிடித்தம் எழுதிக் கொடுங்கள். சம்பளப் பிடித்தத்தை வருடம் முழுக்கச் சமமாகக் கட்டியதாகவே எடுத்துக்கொள்வார்கள், நவம்பரில் விழித்துக்கொண்டாலும் சரிசெய்துவிடலாம்.

கடைசிப் படி: யார் கையில் கொடுப்பது, எப்போது அனுப்புவது

டபிள்யூ-2 மட்டும், ஊரில் பெரிதாக ஒன்றும் இல்லை என்றால் சாஃப்ட்வேரே போதும், ஆனால் சாதாரண சாஃப்ட்வேர் பல 1040-என்ஆர் செய்யாது என்பதை மாணவர்கள் கவனியுங்கள். வருமானம் குறைவாக உள்ளவர்களுக்கு வீட்டா என்ற இலவச மையங்கள் நூலகங்களிலும் சமூகக் கூடங்களிலும் நடக்கின்றன. ஆளிடம் கொடுத்தால் அவர் வரிக் கணக்கு தயாரிப்பவருக்கு ஐஆர்எஸ் தரும் பிடிஐஎன் எண்ணோடு கையெழுத்துப் போட வேண்டும். போடமாட்டேன் என்றாலோ, ரீஃபண்டில் இத்தனை சதவீதம் என் கட்டணம் என்றாலோ எழுந்து வந்துவிடுங்கள். கொடுக்காத நன்கொடையும் ஓட்டாத மைலும் எழுதி ரீஃபண்ட் அதிகம் வாங்கித் தருகிறவர் அடுத்த வருடம் அங்கே இருக்கமாட்டார், கையெழுத்து உங்களுடையது. நாளைக்குக் குடியுரிமை நேர்காணலிலும் பெற்றோரை ஸ்பான்ஸர் செய்யும்போதும் இதே வரிக் கணக்கைத்தான் எடுத்து வைப்பார்கள்.

கையில் பணம் இல்லை என்று ஃபைல் செய்யாமல் இருக்காதீர்கள். ஃபைல் செய்யாததற்கு அபராதம் பாக்கியில் மாதம் 5 சதவீதம், ஃபைல் செய்துவிட்டுக் கட்டாததற்கு 0.5 சதவீதம்தான், தவணையும் ஆன்லைனிலேயே கேட்கலாம். 4868 வாங்கினால் அக்டோபர் 15 வரை ஃபைல் செய்ய அவகாசம், கட்டுவதற்கு இல்லை, உத்தேசமான தொகையை ஏப்ரலிலேயே கட்டிவிடுங்கள்.

மாநில வரி தனி. டெக்ஸாஸ், ஃப்ளோரிடாவில் இல்லை, கலிஃபோர்னியா, நியூ ஜெர்சியில் தனிப் படிவம் உண்டு.

ஐஆர்எஸ் முதலில் கடிதம்தான் போடும். போனில் மிரட்டி கிஃப்ட் கார்டு கேட்கிறவன் திருடன், வைத்துவிடுங்கள். நிஜக் கடிதம் வந்தால் பிரிக்காமல் வைக்காதீர்கள், சிபி2000 என்று தலைப்பில் இருந்தால் பெரும்பாலும் 30 நாளில் பதில் கேட்பார்கள், அவர்கள் சொல்லும் தொகை தப்பாகவும் இருக்கலாம், ஆதாரத்தோடு மறுக்கலாம். மூன்று வருடக் காகிதம் கட்டாயம் வேண்டும், நான் ஏழு வருடம் வைத்திருக்கிறேன், அதோடு அமெரிக்காவுக்குள் வந்துபோன நாட்களைக் காட்டும் ஐ-94 பயண விவரத்தையும் ஒவ்வொரு ஜனவரியும் இறக்கி வைத்துக்கொள்கிறேன், நாள் கணக்குக்கு அதுதான் சாட்சி. ஊர் வங்கிக்கு மட்டும் இந்த வாரமே மெயில் போட்டுவிடுங்கள், ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான வட்டி விவரமும் ஒவ்வொரு கணக்கின் உச்ச இருப்பும் வேண்டும் என்று. எல்லாக் காகிதமும் வந்தபின்னும் கடைசியாக வந்து சேருவது அதுதான்.